'கேஸ் முடிந்துவிட்டது' என்னும் பொய்



நம் வீடுகளில் ஆண்டுதோறும் தவறாமல் ஒலிக்கின்ற ஒரு வாக்கியத்தைப் பற்றி இன்று எழுத வேண்டியுள்ளது. 'ஏர்கோன்ல கேஸ் முடிஞ்சிருச்சுங்க' என்பதே அவ்வாக்கியம். இலக்கணப்படி அதில் பெரிய குறையொன்றும் இல்லை. எழுவாய் உண்டு, பயனிலை உண்டு. பொருளில்தான் பிழை. அதுவும் ஒவ்வோர் ஆண்டும் நம் சட்டைப்பையிலிருந்து நூறு, நூற்றைம்பது ரிங்கிட்டை எடுத்துக்கொண்டு போகின்ற பிழை.

சமையலறையில் இருக்கின்ற எரிவாயு உருளையில் வாயு முடியும். அங்கே அது எரிகிறது, எரிந்தது தீர்கிறது, தீர்ந்தால் வேறு உருளை வாங்குகிறோம். அதே 'கேஸ்' என்ற சொல்லைக் குளிரூட்டிக்கும் பயன்படுத்துவதால் அங்கேயும் ஏதோ எரிந்து தீர்கிறது என்றே பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். குளிரூட்டியில் எதுவும் எரிவதில்லை. தொழிற்சாலையில் அளந்து நிரப்பிய அதே வாயு, வெளியே இருக்கும் கம்ப்ரசரில் அழுத்தப்பட்டு, வெளிச்சுருளில் தன் வெப்பத்தை இழந்து நீர்மமாகி, குறுகிய துவாரத்தின் வழியே அழுத்தம் குறைந்து, அறைக்குள் இருக்கும் சுருளில் ஆவியாகி, அறையின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு மீண்டும் கம்ப்ரசருக்கே திரும்புகிறது. மூடிய சுற்று. உடலில் ஓடுகின்ற குருதியைப் போல. ஆண்டுக்கொரு முறை குருதி ஏற்றிக்கொள்ளும் ஒருவரை 'அவருக்குக் குருதி முடிந்துவிட்டது' என்று சொல்லிவிட்டு நாம் பேசாமல் இருப்போமா? எங்கே காயம் என்று கேட்க மாட்டோமா?

தமிழாசிரியன் என்ற முறையில் 'முடிந்துவிட்டது' என்னும் அந்த வினைச்சொல்லின் மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு. முடிந்தது என்றால் இயல்பாகத் தீர்ந்தது, அதற்கு யாரும் பொறுப்பில்லை, நிரப்பினால் போதும். கசிந்தது என்று சொல்லிப் பாருங்கள். உடனே அடுத்த வினா தானாகவே பிறக்கிறது: எங்கே கசிந்தது? யார் பொருத்தியபோது கசிந்தது? அடைத்தீர்களா? ஒரு வினைச்சொல்லை மாற்றினாலே பணம் கேட்பவர் பதில் சொல்ல வேண்டியவராகிவிடுகிறார். அதனால்தான் அந்தச் சொல்லை அவர்கள் மாற்றுவதே இல்லை.

இதற்கு நேரெதிர்த் திசையிலிருந்து வருகின்ற இன்னொரு வாக்கியமும் உண்டு. 'இது பழைய கேஸ் ஐயா, இப்ப வர்றதில்ல, பொட்டியையே மாத்திடுங்க.' முதல் வாக்கியத்தைச் சொல்பவர் நம்மை ஆண்டுதோறும் நூறு ரிங்கிட்டுக்குக் கறக்கிறார். இரண்டாவதைச் சொல்பவர் ஒரேயடியாக ஆயிரத்து எண்ணூறுக்குக் கறக்கிறார். இருவருக்கும் மூலதனம் ஒன்றே: நாம் கேள்வி கேட்பதில்லை என்ற உறுதி. வாயு நிரப்புவதா, பெட்டியை மாற்றுவதா என்று பெற்றோர் என்னிடம் கேட்கும்போதெல்லாம், அந்த வினாவே தவறு என்று சொல்லி வருகிறேன். அது இரண்டாம் வினா. கசிவு இருக்கிறதா, இருந்தால் எங்கே என்பதே முதல் வினா. முதல் வினாவுக்கு விடை தெரியாமல் இரண்டாவதற்கு விடை சொல்பவர் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

முதலில், வாயு உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்பதைப் பார்ப்போம். பெரும்பாலான வீடுகளில் குளிர்ச்சி குறைவதற்குக் காரணம் வாயு அன்று, அழுக்கு. உள்ளே இருக்கும் வடிகட்டி வலையை ஆறு மாதமாகக் கழுவாமல் வைத்திருப்போம். பிரதான சாலை ஓரத்து வீடென்றால் சொல்லவே வேண்டாம். வலையைத் தாண்டிய தூசி, சுருளின் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கிடையில் பாய்போல் படிந்துவிடும். காற்று போகாது. காற்று போகாவிட்டால் சுருளுக்குப் போதிய வெப்பம் கிடைக்காது. வெப்பம் கிடைக்காவிட்டால் உள்ளே ஆவியாதல் குறையும். கம்ப்ரசருக்குத் திரும்பும் வாயுவின் அழுத்தமும் குறையும். இப்பொழுது பழுதுபார்க்க வருபவர் அழுத்தமானியை மாட்டுகிறார். முள் வழக்கத்தைவிடக் கீழே நிற்கிறது. 'பாருங்க, கேஸ் கம்மி' என்கிறார். முள் பொய் சொல்லவில்லை. முள்ளுக்கு அவர் கொடுத்த விளக்கம்தான் பொய். அழுக்கைக் கழுவாமல் வாயுவை ஏற்றுகிறார். குளிர்ச்சி சற்றுக் கூடியதுபோல் தோன்றுகிறது. நாமும் மனம் நிறைந்து பணம் கொடுக்கிறோம். மூன்று மாதம் கழித்து வேறொருவர் வந்து சுருளைக் கழுவும்போதுதான் வினை தொடங்குகிறது. அளவுக்கு மீறி நிரப்பப்பட்ட பொறி, காற்றோட்டம் சீரானதும் மிகையழுத்தத்தில் ஓடுகிறது. கம்ப்ரசர் திணறுகிறது. அடுத்த ஆண்டு அது எரிந்துபோனால், 'பழசாயிடுச்சு, மாத்துங்க' என்று மூன்றாமவர் சொல்வார். மூன்று பேரும் மூன்று ரசீது கொடுத்திருப்பார்கள். அந்த ரசீதுகளில் ஒன்றில்கூடக் காரணம் எழுதியிருக்காது.

ஆகவே, யாரையும் அழைப்பதற்கு முன்னர் வலையைக் கழற்றிக் கழுவுங்கள். அதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. ஆறாம் ஆண்டுப் பிள்ளையே செய்யலாம். பிறகு ஒரு சாதாரண வெப்பமானியை எடுத்து, பொறி உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் அது வெளியே தள்ளும் காற்றின் வெப்பநிலையையும் கால்மணி நேரம் ஓடிய பின்னர் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 8 முதல் 12 பாகை செல்சியசு வேறுபாடு இருந்தால் உங்கள் பொறியின் வாயு நலமாகவே இருக்கிறது. அறை குளிரவில்லையென்றால் காரணம் வேறு: அறை பெரியதாக இருக்கலாம், மாலை வெயில் விழும் சுவராக இருக்கலாம், கதவு திறந்திருக்கலாம். வேறுபாடு மிகக் குறைந்திருந்து, வெளிப்பெட்டியில் இணைகின்ற இரண்டு செம்புக் குழாய்களில் மெல்லியதன் மேல் மட்டும் வெண்பனி படர்ந்து, தடித்த குழாய் குளிராமலே இருந்தால், அப்பொழுது வாயு குறைந்திருக்கிறது என்று ஐயுறுவதற்கு இடமுண்டு. குறைந்திருந்தால் கசிந்திருக்கிறது. வேறு வழியில் அது குறையாது. ஆவியாகிப் போகாது, பழசாகிப் போகாது, 'தன்னால இறங்கும்' என்பதெல்லாம் கதை.

கசிவு எங்கே என்பதைக் கண்டுபிடிப்பது பெரிய மந்திரமும் இல்லை. பெரும்பாலும் குழாயின் விரிந்த வாயைப் பொறியோடு சேர்க்கும் பித்தளை நட்டுகளில்தான் கசியும். பொருத்திய நாளன்று அவசரமாக விரித்த வாயில் ஒரு கீறல், அல்லது முறுக்கு போதாத நட்டு. வாயுவோடு கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்து வெளியேறுவதால் அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் தூசியும் ஒட்டியிருக்கும். கண்ணால் பார்க்கலாம். சவர்க்கார நுரையைத் தடவினால் குமிழி வரும். இவ்வகைக் கசிவென்றால் குழாயின் வாயை வெட்டிப் புதிதாக விரித்து முறுக்குவது அரைமணி நேர வேலை. உட்சுருளிலேயே கசிந்தால்தான் சங்கடம். ஈரமும், வீட்டுக் காற்றில் கலந்திருக்கும் சிலவகைக் கரிம அமிலங்களும் சேர்ந்து செம்புக்குள் எறும்புப் புற்றைப் போலக் கிளைகிளையாகத் துளையிடும். ஓர் இடத்தை அடைத்தால் அடுத்த இடத்தில் கசியும். அந்தச் சுருளை ஒட்டிப் பயனில்லை. முழுச் சுருளையும் மாற்ற வேண்டும், அல்லது பொறியை மாற்ற வேண்டும்.

முறையாகச் செய்பவர் என்ன செய்வார் தெரியுமா? கசிவை அடைத்த பின்னர் நைட்ரசன் வாயுவை அழுத்தத்தில் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்ப்பார். பின்னர் வெற்றிடப் பம்பைக் கொண்டு குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பார். அதன் பின்னர் பொறியின் பெயர்த்தகட்டில் அச்சிட்டிருக்கும் எடையைப் பார்த்து, உருளையைத் தராசின் மேல் வைத்து, அந்த எடைக்கு வாயுவை ஏற்றுவார். தராசு என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். பெயர்த்தகட்டில் கிராம் கணக்கில் எழுதியிருப்பதை எடை போடாமல் எப்படி நிறைவேற்ற முடியும்? 'நாங்க மீட்டர் பார்த்தே போட்டுருவோம்' என்பவர், அளவுகோல் இல்லாமல் நேர்க்கோடு வரைகின்ற மாணவனுக்கு ஒப்பானவர். அதிலும் இன்வெர்ட்டர் வகைப் பொறிகளில் கம்ப்ரசரின் வேகமே நிமிடத்துக்கு நிமிடம் மாறும். வேகம் மாறினால் அழுத்தமும் மாறும். பொறியைச் சோதனை ஓட்டத்தில் வைக்காமல் படித்த முள்ளுக்கு எந்தப் பொருளும் இல்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். கீழே நான் போட்டிருக்கும் எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை. உங்கள் வட்டார விலையையும் உங்கள் மின்கட்டணத்தையும் அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். முறைதான் முக்கியம், விடை வீட்டுக்கு வீடு மாறும்.

ஒரு குதிரைத்திறன் கொண்ட பழைய வகைக் குளிரூட்டி. இரவில் எட்டு மணி நேரம். நல்ல நிலையில் இருக்கும்போது கம்ப்ரசர் ஓடியும் நின்றும் சராசரியாக மணிக்கு 0.6 அலகு மின்சாரம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 144 அலகு. அலகுக்கு 45 சென் என்றால் 64 ரிங்கிட் 80 சென். அதே பொறியில் வாயு பாதி கசிந்திருந்தால் அறை குளிரவே குளிராது. அதனால் கம்ப்ரசர் நிற்கவே நிற்காது. மணிக்கு 0.75 அலகு என்று கொண்டால் மாதத்துக்கு 180 அலகு, 81 ரிங்கிட். குளிரும் இல்லை, 16 ரிங்கிட் 20 சென் கூடுதலும் ஆயிற்று. ஆண்டில் ஆறு மாதம் அந்த நிலையில் ஓடினால் 97 ரிங்கிட். இடையில் இரண்டு முறை 'கேஸ்' அடிக்க முறைக்கு 120 வீதம் 240. ஆக, அடைக்கப்படாத ஒரு சிறு கசிவு ஆண்டுக்கு 337 ரிங்கிட் தின்கிறது. மூன்றாண்டில் 1,011. பித்தளை நட்டை ஒழுங்காகப் பொருத்தி, வெற்றிடமாக்கி, எடை போட்டு நிரப்ப ஒருவர் 250 ரிங்கிட் கேட்டால் நாம் 'விலை அதிகம்' என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, 120 கேட்பவரை அழைக்கிறோம். நம் பிள்ளைகளுக்குச் சதவிகிதம் சொல்லித்தருகின்ற நாமே.

சரி, பெட்டியை மாற்றச் சொல்பவரின் கணக்கையும் பார்ப்போம். இன்வெர்ட்டர் வாங்கினால் மின்சாரம் மிச்சமாகும், மிச்சத்திலேயே பொறியின் விலை வந்துவிடும் என்கிறார். மேற்சொன்ன நல்ல நிலைப் பொறியைவிட நூற்றுக்கு 35 விழுக்காடு குறைவாகவே புதியது எடுக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மாதம் 94 அலகு, 42 ரிங்கிட் சொச்சம். மிச்சம் 22 ரிங்கிட் 68 சென், ஆண்டுக்கு 272. பொறி 1,500, பொருத்துகூலி 300 என்றால் 1,800 ரிங்கிட். போட்ட பணம் திரும்ப ஆறரை ஆண்டுக்கு மேலாகிறது. இரவில் மூன்று மணி நேரம் மட்டும் போடும் வீடென்றால் பதினேழு ஆண்டுக்கு மேல்! அதற்குள் அந்தப் புதுப் பொறியே பழம்பொறியாகிவிடும். ஆகவே, கசிவில்லாமல் குளிரக் குளிர ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை மின்சாரத்தைக் காட்டி மாற்றச் சொல்வது கணக்கில் நிற்காது.

எப்போது மாற்ற வேண்டும்? என் கருத்தை ஒளிக்காமலேயே சொல்கிறேன். பொறிக்கு வயது பத்தைத் தாண்டியிருந்து, கசிவு நட்டில் இல்லாமல் சுருளில் இருந்தால் மாற்றிவிடுங்கள். ஒரு காசும் அதில் போட வேண்டாம். ஆர்-22 வாயுவில் ஓடும் பொறியில் சுருளோ கம்ப்ரசரோ போயிருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஐந்தாண்டுக்குட்பட்ட பொறியென்றால் முதலில் உத்தரவாத அட்டையைத் தேடி எடுங்கள். கம்ப்ரசருக்கெனத் தனியே நீண்ட உத்தரவாதம் எழுதியிருப்பார்கள். இடைப்பட்ட வயதென்றால், சரிசெய்யும் செலவு புதியதன் விலையில் பாதியை எட்டுகிறதா என்று பார்க்கலாம். மற்றபடி மாற்றத் தேவையில்லை. வாங்கும்போது எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர ஒட்டியைப் பார்த்து வாங்குங்கள். 2013 முதல் குளிரூட்டிகளுக்குக் குறைந்தபட்சத் திறன் விதி நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. அந்த ஒட்டியை விற்பனையாளர் படித்துக் காட்டுவதைவிட நாமே படிப்பது நல்லது.

ஆர்-22 பற்றி நிறைய அச்சம் விற்கப்படுவதால் அதையும் விளக்க வேண்டியுள்ளது. அது ஓசோன் படலத்தைக் கெடுக்கின்ற குளோரின் அடங்கிய வாயு. 1974-இல் மொலினாவும் ரோலண்டும் இத்தகைய குளோரின் சேர்மங்கள் மேல்வளியில் ஓசோனை அழிக்கும் என்று எழுதினார்கள். 1987-இல் மொன்றியல் உடன்படிக்கை கையெழுத்தானது. அந்த ஆய்வாளர்களுக்கு, குருட்சனோடு சேர்த்து, 1995-இல் நோபல் பரிசு கிடைத்தது. வளரும் நாடுகள் ஆர்-22 உள்ளிட்ட அவ்வகை வாயுக்களின் பயன்பாட்டை 2013-இல் ஓர் அளவில் நிறுத்தி, 2015-இல் நூற்றுக்குப் பத்து, 2020-இல் முப்பத்தைந்து, 2025-இல் அறுபத்தேழரை விழுக்காடு எனப் படிப்படியாகக் குறைத்து, 2030-இல் ஏறக்குறைய முற்றாக நிறுத்த வேண்டும். அதன் பின்னரும் பழைய பொறிகளைப் பராமரிக்க மிகச் சிறிய அளவு 2040 வரை அனுமதிக்கப்பட்டுள்ளது. அதாவது வரத்து சுருங்குகிறது. விலை ஏறத்தான் செய்யும். ஆனால், உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பொறியை நிறுத்துங்கள் என்று எந்த உடன்படிக்கையும் சொல்லவில்லை. 'அரசாங்கமே தடை பண்ணிருச்சு' என்று சொல்லி விற்பவரிடம், எதைத் தடை செய்தது என்று கேளுங்கள்.

ஓசோனைக் கெடுக்காத ஆர்-410ஏ பிறகு வந்தது. அதன் குறை வேறு: வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் அது கரியமிலவாயுவைவிட 2,088 மடங்கு வல்லது. ஒரு சிறு பொறியில் இருக்கும் 700 கிராம் முழுவதும் கசிந்தால், ஏறத்தாழ ஒன்றரை டன் கரியமிலவாயுவைக் காற்றில் விட்டதற்குச் சமம். ஆர்-22-க்கு அந்த எண் 1,810. இப்பொழுது கடைகளில் பரவலாக இருக்கும் ஆர்-32-க்கு 675. நெகிழிப்பை கொண்டுவராதே என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, வகுப்பறைச் சுவருக்குப் பின்னால் ஆண்டுதோறும் வாயுவைக் கசியவிட்டு நிரப்புகிறோம். குளிர்பதன வாயுக்களைக் கையாள்வதற்கென்றே 1999-இல் ஒழுங்குவிதிகள் இயற்றப்பட்டு, 2020-இல் புதியவை வந்துள்ளன. அவ்வேலைக்குப் பயிற்சிச் சான்றிதழ் பெற்றவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு வருபவரிடம் அதைக் காட்டச் சொல்ல நமக்கு ஏன் இத்தனை கூச்சம்? பிள்ளைக்குக் கூடுதல் வகுப்பு எடுப்பவரிடம் என்ன படித்திருக்கிறார் என்று விசாரிக்கிறோமே.

பழைய பொறியைக் கழற்றும்போது நடப்பது இன்னும் கொடுமை. கழற்றுவதற்கு முன்னர் வால்வை மூடி, வாயுவை வெளிப்பெட்டிக்குள்ளேயே இழுத்துச் சேர்த்துப் பூட்டிவிட முடியும். பத்து நிமிட வேலை. பலர் செய்வதில்லை. குழாயை அப்படியே வெட்டுகிறார்கள். 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லாரியில் போட்டால், செம்புக்காக அவர்களும் வெட்டுகிறார்கள். சீறிக்கொண்டு போகின்ற அந்த ஓசைதான் ஒரு டன், ஒன்றரை டன்.

உயிர் தொடர்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆர்-22 விலை ஏற ஏற, 'அதுக்குப் பதிலா இது போடலாம், மலிவு' என்று அடையாளமில்லாத உருளைகளோடு சிலர் வரக்கூடும். புரொப்பேன் வகை வாயுவும் நன்றாகவே குளிரூட்டும்; ஆனால் அது நம் அடுப்பில் எரிகின்ற வாயுவின் இனம். அதற்கென வடிவமைக்கப்படாத பொறியில் அதை ஏற்றிப் படுக்கையறைக்குள் ஓடவிடுவது தற்கொலைக்கு ஒப்பாகும். போலி வாயுவின் கதை அதைவிட மோசம். 2011-இல் குளிர்சாதனக் கப்பல் கொள்கலன்கள் வெடித்து வியட்நாமிலும் பிரேசிலிலும் தொழிலாளர்கள் மூவர் மாண்டனர். உரிய வாயு என்று சொல்லி ஏற்றப்பட்டதில் மீத்தைல் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே தீப்பற்றும் பொருளாக மாறியிருந்தது. உருளையின் மேல் என்ன எழுதியிருக்கிறது, முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவநம்பிக்கை ஆகாது.

இவையெல்லாம் வசதியுள்ளவர்களுக்குச் சரி, மாதக் கடைசியில் 250 ரிங்கிட்டுக்கு எங்கே போவது, 120 என்றால் எப்படியோ புரட்டிவிடலாம் என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஏழைக்குத்தான் எல்லாமே தவணையில் விலை அதிகம். அவருக்கு என் பதில்: 120-ஐக் கொடுத்து இரண்டு மாதக் குளிர்ச்சியை வாங்காதீர்கள். அம்மாதம் வலையைக் கழுவி, காற்றாடியைப் போட்டுக்கொண்டு சமாளியுங்கள். அடுத்த மாதம் முழு வேலையையும் ஒரேயடியாகச் செய்யுங்கள். வாயு குறைந்த நிலையில் பொறியை ஓட்டுவதுதான் எல்லாவற்றையும்விட விலை கூடியது. திரும்பி வரும் குளிர்ந்த வாயுதான் கம்ப்ரசரையும் குளிர்விக்கிறது. அது குறைந்தால் கம்ப்ரசர் தன் சூட்டிலேயே வெந்துபோகும். அப்பொழுது 250-இல் முடிந்திருக்க வேண்டியது 1,800 ஆகிவிடும்.

இன்னொரு வாதமும் வருகிறது. 'பாவம், நம்ம பையன்தான் வந்து செய்யுறான், அவனும் பிழைக்கணும்ல?' பிழைக்கட்டும், நன்றாகவே பிழைக்கட்டும். நம் மாணவர்கள் பலர் தொழிற்கல்வி படித்து இத்துறைக்குப் போயிருக்கிறார்கள். அவர்களில் தராசும் பம்பும் சொந்தமாக வாங்கி நேர்மையாகத் தொழில் செய்கின்ற இளைஞர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பட்டறிவோடு சொல்லும் 250-ஐ மறுத்து, கருவியே இல்லாதவரின் 120-ஐ ஏற்கும்போது, நாம் யாரைப் பிழைக்கவிடாமல் செய்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் தமிழ்ப்பள்ளிகளுக்கும் இதில் பங்குண்டு. அதுதான் என்னை எழுதவே வைத்தது. பகுதி உதவிபெறும் பள்ளிகளில் கட்டடத்தின் சிறு பழுதுகளெல்லாம் மேலாளர் வாரியத்தின் தலையிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் தலையிலும்தான் விழுகின்றன. ஒரு பள்ளியின் ஆண்டுக் கணக்கறிக்கை என் பார்வைக்கு வந்தது. கணினி அறை, பாலர் வகுப்பு, ஆசிரியர் அறை ஆகியவற்றின் குளிரூட்டிகளுக்கு 'கேஸ் நிரப்பியது' என்று மூன்றாண்டாக அதே பொறிகளுக்கு அதே வரி. யாரும் கேட்கவில்லை. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? சிற்றுண்டி நாளில் அம்மாமார்கள் விடியற்காலையில் எழுந்து அவித்த இட்டலியும், அறுபது சென் எண்பது சென்னாக விற்ற வடையும், குடும்ப நாளின் அதிர்ஷ்டக் குலுக்குச் சீட்டும். அறிக்கையில் அது ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு ஒரு நூலகப் பேழை நிறையத் தமிழ்ப் புத்தகம் வாங்கியிருக்கலாம். ஒப்பந்தக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். 'நிரப்பு' என்று சொன்னோம், நிரப்பினார். கசிவைக் கண்டுபிடி என்று யாரும் அவரிடம் சொல்லவே இல்லை.

எனவே, சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவாருங்கள்: குளிரூட்டி தொடர்பான எந்த ரசீதிலும் வாயுவின் வகை, ஏற்றிய எடை கிராமில், கசிவு கண்ட இடம், அதை அடைத்த முறை, வெற்றிடமாக்கிய நேரம் ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும், இல்லையேல் பொருளாளர் காசோலையில் கையொப்பமிடக் கூடாது. ஒவ்வொரு பொறியின் பக்கத்திலும் ஓர் அட்டையை ஒட்டி, தேதியும் வேலையும் எழுதி வையுங்கள். மருத்துவமனையில் நோயாளியின் கட்டிலில் தொங்குமே, அதைப்போல. இரண்டாம் முறை வாயு கேட்கும் பொறி எது என்பதை அந்த அட்டையே காட்டிக்கொடுத்துவிடும். வீட்டிலும் இதைச் செய்யலாம்; பொறியின் பக்கவாட்டில் ஒரு சிறு தாளை ஒட்டினால் போதும்.

வேலை செய்துவிட்டுப் போன ஒரு மாதத்திலேயே மீண்டும் குளிர்ச்சி போய், அவர் தொலைபேசியையும் எடுக்காமல் இருந்தால், பயனீட்டாளர் உரிமைக் கோரல் தீர்ப்பாயம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒரு சேவையைச் செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறனோடும் செய்ய வேண்டும். மனு செய்வதற்குக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரையிலான கோரல்களை அங்கே கொண்டுபோகலாம், வழக்கறிஞர் தேவையில்லை. கையில் ரசீது மட்டும் இருக்க வேண்டும். அந்த ரசீதில் 'கேஸ் – 120' என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால், தீர்ப்பாயத்தில் உட்கார்ந்திருப்பவராலும் உங்களுக்கு உதவ இயலாது. ஆகவே, வருபவர் ஏணியை விரிப்பதற்கு முன்னரே தாளையும் பேனாவையும் எடுத்து மேசைமேல் வைத்துவிடுங்கள்.